பவுலின் குறைத்துக் கொடுத்த கரண்ட்

1993-ல் திண்டிவனத்து ஸ்டெபிலைசர் பட்டறை ஒன்றில் சேர்ந்தபோது பவுலினுக்குப் பதினேழு வயது. பெண்களுக்கு அங்கே ஒரே வேலை, செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவது. சுற்று ஒன்று தவறினாலும் முதலாளி காயிலைப் பிரித்து மேசைமேல் கொட்டுவார். "எண்ணத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்கு பத்து விரலு?" என்பார். பவுலின் அதை ஒருமுறைதான் கேட்டாள். அன்றிலிருந்து எதையும் இரண்டு தரம் எண்ணுவாள். ஆண்கள் செய்த ரிலே வேலையைக் கண்ணாலேயே பார்த்துக் கற்றுக்கொண்டாள். "ஏறக்குறைய" என்ற சொல்லே அவள் வாயில் வராது. அளப்பாள், பிறகுதான் பேசுவாள்.

கோலியனூர் பக்கத்து டோமினிக்கைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் வேலையை விடவில்லை. விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு சின்ன அறை பிடித்து யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் பழுது பார்த்தாள். டோமினிக்குக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு. கிணற்றில் ஐந்து குதிரைசக்தி மோட்டார். அதற்கான இலவச கரண்ட் சர்வீஸை மாமனார் பாக்கியசாமி எழுதிப் போட்டுப் பதினாறு வருஷம் காத்திருந்து வாங்கினார். கம்பி இழுத்த இரண்டாம் மாதம் செத்துப்போனார். அதற்கு மீட்டர் இல்லை, பில் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பயிருக்குத் தவிர வேறு எதற்கு இழுத்தாலும் வெட்டிவிடுவார்கள். வெட்டினால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

2017 கார்த்திகையில் பாண்டுரங்கன் வீட்டு மகன் ராஜ்குமார் கடைக்கு வந்தான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டுகள் இருபத்தெட்டு வாங்கி வைத்திருந்தான். அவற்றை இரவு பகலாகக் கணக்குப் போட விட்டால் காசு விளையும் என்றான். கையில் பிடிக்க முடியாத காசு, நெட்டில் மட்டும் இருப்பது. வீட்டுக் கரண்டில் ஓட்டினால் பில்லே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

"உங்க மோட்டார் ரூமு சும்மாதான கெடக்குது அக்கா? அதுல வெக்கிறேன். கெணத்துலேர்ந்து கொல்லிப் பயிரு வரைக்கும் புது பைப்பு போட்டுக் குடுக்கறேன். உங்க பைப்புல பாதித் தண்ணி ஒழுவிப் பூடுது, ஊருக்கே தெரியும்."

தப்பு என்று பவுலினுக்குத் தெரியும். ஆனால் பைப் ஒழுகுவது உண்மை. அதைவிட, அந்தக் கார்டுகள் அவளைப் பிடித்துக்கொண்டன. இருபத்தைந்து வருஷத்தில் அவள் கைக்கு வந்ததெல்லாம் எரிந்துபோன சாமான்தான். புதிதாக, முழுதாக, சூடாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை யாரும் அவளிடம் கொடுத்துச் சரிப்படுத்தச் சொன்னதில்லை.

ஒரு கார்டு நூற்று நாற்பது வாட் இழுத்தது. இருபத்தெட்டும் மோட்டாரும் சேர்ந்தால் ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல் போகும். அவர்கள் லைனுக்கான ட்ரான்ஸ்பார்மர் பீஸ் கம்பி ஏழாயிரம்தான் தாங்கும் என்று அவள் கணக்கு. அதே பீஸில்தான் பக்கத்து நிலத்து வீரம்மாளின் மோட்டாரும் ஓடியது; அந்த ஏழாயிரம் அதைக் கழித்த மிச்சம். மும்முனை கரண்ட் வருகிற நேரத்தில்தான் மோட்டார் போட முடியும். கார்டுகளுக்கு ஒரு முனை போதும், எந்நேரமும் ஓடும். பில்லே இல்லாத சர்வீஸில் கரண்டைக் குறைக்க வேண்டி வந்தது இதனால்தான்.

"மோட்டாரும் கார்டும் ஒண்ணா ஓடற மாதிரி நான் கொறைச்சுத் தரேன் தம்பி. அதுக்கு மேல ஒரு கார்டு ஏத்தக் கூடாது."

"நீங்க சொல்ட்டா அப்பீலே இல்ல அக்கா."

இரண்டே நாளில் சூட்சுமம் பிடிபட்டது. இந்தக் கணக்கில் பாடுபடுவது கார்டின் மெமரி. நடுச் சிப் வேலையில்லாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது. மெமரியை அப்படியே விட்டு, நடுச் சிப்பின் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கினால் கணக்கு குறையாது, சூடு குறையும். ஒவ்வொரு கார்டையும் பத்து மில்லிவோல்ட் இறக்குவாள், அரைமணி ஓட விடுவாள், மறுபடி பத்து இறக்குவாள். கார்டு திக்கி நின்றதும் இரண்டு படி ஏற்றி அங்கே நிறுத்துவாள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்டுகூட ஒரே இடத்தில் நிற்கவில்லை. டாங் டெஸ்டரைக் கம்பியில் கவ்வவிட்டு அளந்து, கிடைத்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கார்டின் முதுகில் ஒட்டினாள். மூன்று வாரம் ஆயிற்று. முடித்தபோது கார்டுக்கு எண்பது வாட். மோட்டாரையும் சேர்த்து ஆறாயிரம்கூட இல்லை. மோட்டார் கிளம்பும் சில நொடி பல மடங்கு இழுக்கும். மிச்சம் கிடந்த இடம் அதைத் தாங்கிக்கொண்டது.

மார்கழியில் டோமினிக் நிலக்கடலையை, ஊர்ச் சொல்லில் மல்லாட்டையை, விதைத்தான். பைப் வரவில்லை. மாறாக, தை பிறந்ததும் ஒரு மினி லாரியில் இன்னும் இருபது கார்டு வந்தன.

"இன்னா தம்பி இது?"

"எடம் இருக்குதே அக்கா. நீங்க பண்ணிக் குடுத்த எடந்தான். காலியா வுட்டா உங்க ஒழைப்புக்கு மரியாதையா?" சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தான்.

மறுநாள் டோமினிக் மோட்டார் போட்டதும் பீஸ் போயிற்று. லைன்மேன் சீனுவாசன் வந்து கம்பி மாற்றினார். "இன்னொரு தபா போச்சின்னா எழுதி அனுப்பிடுவேன். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பவுலின் ராஜ்குமார் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்துக்காவது கார்டை நிறுத்தச் சொன்னாள். அவன் செல்போனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"தெனம் ஆறு மணி நேரமா? பேஜாரு அக்கா. வேணாம்னா போயி எழுதிக் குடுங்க. வந்து வெட்டுவாங்க. யாரு சர்வீஸ வெட்டுவாங்க, எங்கப்பாருதையா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

பீஸ் போகும் என்று மோட்டாரைப் போடாமலே வைத்திருந்தார்கள். மல்லாட்டை பூத்து விழுது இறங்கும் பருவம். மண் ஈரமாயிருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். டோமினிக் காலையும் மாலையும் வரப்பில் நின்று பார்ப்பான். "கார்டைத் தூக்கிக் கெணத்துல போடேன்" என்றான் ஒருநாள்.

பவுலினுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இன்னும் குறைப்பது. கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தாள். புது இருபதையும் இறக்கினாள். பழையவற்றில் தான் விட்டிருந்த இரண்டு படியையும் எடுத்தாள். திக்கி நிற்பவற்றை எழுப்பி, அரைப்படி ஏற்றி, மறுபடி ஓடவிட்டாள். உள்ளே சூட்டில் உதடு வெடித்தது. பதினெட்டு நாளில் கார்டுக்கு அறுபத்தெட்டு வாட் வந்தது. நாற்பத்தெட்டையும் மோட்டாரையும் கூட்டினாள். இரண்டாம் தரமும் கூட்டினாள். ஏழாயிரத்துக்கு முப்பத்தாறு வாட் குறைவு. ஓடும். ஆனால் கிளம்புகிற இழுப்பைத் தாங்க இடமில்லை. கார்டுகளை ஒரு நிமிஷம் நிறுத்தி, மோட்டாரைக் கிளப்பிவிட்டு, பிறகு கார்டைப் போட வேண்டும். ராஜ்குமார் எல்லாவற்றையும் செல்போனிலிருந்தே நிறுத்தும்படி செய்து வைத்திருந்தான். வேலை முடிந்ததும் ரூமுக்கும் அவன் பூட்டு.

"ஒரே நிமிஷந்தான் தம்பி."

"ஒரு நிமிஷம்னா சரி அக்கா. காலைல போன் போடுங்க."

காலை ஒன்பதரைக்கு மும்முனை வந்தது. வீரம்மாள் தன் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை மாற்றிக்கொண்டிருந்தாள். பவுலின் ரூமுக்கு வெளியே கிணற்றடியில் இருந்த ஸ்டார்ட்டர் முன்னால் நின்று போன் செய்தாள்.

"ஆஃப் பண்ணிட்டேன் அக்கா. ஜல்தி போடுங்க."

"உள்ள விசிறி சத்தம் கேக்குதே."

"கார்டு ஆறுற வரைக்கும் விசிறி ஓடும் அக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

டாங் டெஸ்டர் பையில் இருந்தது. பை வரப்பில் இருந்தது, இருபதடி. டோமினிக் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்பில் காத்திருந்தான். பவுலின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் முக்கியது. தூரத்தில் ட்ரான்ஸ்பார்மரில் ஒரு வெடிச் சத்தம். மூன்று பீஸில் ஒன்று போய்விட்டது. அவள் மோட்டார் நின்றது. வீரம்மாளின் மோட்டார் நிற்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு முனையில் உறுமிக்கொண்டே ஓடியது. பவுலின் வரப்பில் ஓடினாள். "அம்மா, மோட்டார நிறுத்துங்க, எரிஞ்சிடும்" என்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் வீரம்மாளுக்குக் காது கேட்கவில்லை. பவுலின் போய்ச் சேர்ந்தபோது மோட்டாரின் காயில் கருகிய நாற்றம் வந்துவிட்டிருந்தது. அந்த நாற்றம் அவளுக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

ராஜ்குமார் கார்டை நிறுத்தவே இல்லை. பிற்பாடு அதை அவனே சொன்னான். "நிறுத்திப் போட்டா பாதி எழுந்துக்க மாட்டேங்குது அக்கா. நீங்க ரொம்பக் கொறைச்சி வெச்சிட்டீங்க."

வீரம்மாள் அன்று மத்தியானமே கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்தாள். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். அதனால் விடிவதற்குள் ராஜ்குமார் கார்டு, விசிறி, ஒயர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பொம்மையார்பாளையம் பக்கம் போய்விட்டான். மேலதிகாரியோடு சீனுவாசன் வந்தபோது மோட்டார் ரூமில் சுவரெல்லாம் கார்டு மாட்டிய ஆணியும் பட்டையும்தான் இருந்தன. அதுவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

"பாக்கியசாமி யாரு?" என்றார் அதிகாரி.

"எங்கப்பா. இல்ல. எறந்துட்டாரு."

"அப்ப நீ கையெழுத்துப் போடு."

டோமினிக் போட்டான். சீனுவாசன் கம்பத்தில் ஏறி வெட்டிய கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். பவுலின் ஒரு கேள்விதான் கேட்டாள், மறுபடி எழுதிப் போட்டால் எத்தனை வருஷம் ஆகும் என்று. "இப்ப வரிசை இன்னும் நீளம்மா" என்றார்.

ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் கால்வாசிப் பயிராவது தேறும். வீரம்மாளுக்குப் புது மோட்டார் வந்த அன்று டோமினிக் போய் வாசலில் நின்றான். அவள் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"உங்கூட்டுக்காரி கொறைக்கறதுல கெட்டிக்காரியாமே. தண்ணியக் கொறைச்சி மல்லாட்டைய வளக்கச் சொல்லேன். எங்கிட்ட இன்னாத்துக்கு வந்து நிக்கிற?"

பங்குனியில் இருவரும் சேர்ந்து செடி பிடுங்கினார்கள். கூலிக்கு ஆள் வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. மண் இறுகிக் கிடந்தது. செடி வந்தது, காய் வரவில்லை. வந்த காயும் விரலால் அமுக்கினால் அமுங்கியது, உள்ளே பருப்பில்லை. விழுதுகள் மண்ணைத் தொடாமல் காய்ந்து ஊசி ஊசியாக நின்றன.

பாதிக் கொல்லை பிடுங்கி முடிந்த பிறகு டோமினிக் நிமிராமல் கேட்டான்.

"ஒரு கார்டுக்கு எத்தினி கொறைச்ச?"

"எழுவத்திரண்டு வாட்டு" என்றாள் பவுலின். "நூத்தி நாப்பதுல. பாதிக்கு மேல."

அவன் அடுத்த செடியைப் பிடுங்கி, உதறி, ஓரமாக எறிந்தான்.