குன்னத்திலிருந்து ரெட்டிபாளையம்: ஏறக் கூடாத கோடு

காலை 8.15. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் குன்னம் பஸ் ஏறினேன். திருச்சியிலிருந்து மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருவது என் வேலை. குன்னம் பக்கம் ஒரு பள்ளி, ரெட்டிபாளையம் பக்கம் லாரி ரோட்டோரம் ஒரு பள்ளி. இரண்டின் மாடியிலும் பத்துப் பத்து சோலார் பலகைகள். அவை தரும் மின்சாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனில் ஏறி இறங்கும் வரைபடக் கோடாக வந்து விழும். அந்தக் கோட்டை வைத்துத்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம்.

9.30. குன்னம் பிள்ளைகள் அன்று கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தார்கள். "லாரி ரோட்டு ஸ்கூல் இந்த மாசமும் நம்மகிட்ட தோத்துட்டாங்க மிஸ்!" அவர்கள் ஊரில் சுற்றிலும் மக்காச்சோளக் காடு. அங்கேயோ நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி. தூசி படிந்து கோடு எப்போதும் தாழ்ந்தே கிடக்கும்.

11.20. அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். லாரி ரோட்டுப் பள்ளியின் கோடு ஒரு படி ஏறியிருந்தது. மேகம் விலகியிருக்குமோ? வானத்தில் காலையிலிருந்தே பொட்டு மேகம் இல்லை. 11.25க்கு இன்னொரு படி. 11.30க்கு மூன்றாவது. யாரோ பலகை பலகையாகத் துடைக்கிறார்கள்.

போன மாதம் அங்கே தேன்மொழி என்ற மாணவி கேட்டாள், "எங்களுது மட்டும் ஏன் மிஸ் கம்மி?" நான் வாய் சும்மா இருக்காமல், "தூசிதான். துடைச்சா ஏறிடும்" என்றேன். யார் துடைப்பது என்று சொன்னேனா? இல்லை. வெளியாள் வருகிறார் என்றால் நம் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டு முற்றம் முதல் மாடி வரை கழுவ வைப்பார்கள். இன்று வருகிற வெளியாள் நான். அந்த மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வெயிலில் பலகைக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்துணியோடு ஒரு கிழிந்த வயரைத் தொட்டால் போதும்.

அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை செல்வராணிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருந்தால் போன் பைக்குள்தான் கிடக்கும். மறுபடியும் அடித்தேன். 11.35க்கு நான்காவது படி.

"அண்ணே, கொஞ்சம் வெரசா போகக் கூடாதா?"

"முன்னாடி லாரி வரிசையா நிக்கிதும்மா. பஸ்ஸத் தூக்கிக்கிட்டா போவ முடியும்?" என்றார் டிரைவர்.

11.45. கோடு பூஜ்யத்தில் விழுந்தது. ஐயோ, நான் செய்த வேலை! அதற்குப் பிறகு ரோடு எப்படி இருந்தது, வழியில் என்ன ஊர் வந்தது என்று எதுவும் எழுத எனக்கு நினைவில்லை. அரியலூரில் ஆட்டோக்காரர் கேட்டதற்குச் சரி என்று ஏறிக்கொண்டேன். பேரம் பேசாமல் ஆட்டோ ஏறியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

12.40. பள்ளி வாசலில் இறங்கினேன். வேப்பமர நிழலில் ஐந்து பெண்கள் பாவாடை நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே செல்வராணி, கையில் ஏணி.

"எல்லாரும் எறங்கிட்டாங்க மேடம். பாத்ததும் மெயின ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொருத்தியா கையப் புடிச்சு எறக்குனேன். இன்னும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது." அந்தப் பூஜ்யம் அவர் போட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தேன்மொழி தயங்கித் தயங்கி வந்தாள். "நீங்க வரதுக்குள்ள முடிச்சரலாம்னு பாத்தோம் மிஸ். எங்க கோடு ஏறுச்சா?"

"ஏறுச்சு. அதப் பாத்துத்தான் செத்துப் பொழச்சேன்."

அன்றைய பாடம் அந்தக் கோடுதான். நான்கு படிகளையும் கரும்பலகையில் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் யார் எந்த விளிம்பில் நின்றார்கள் என்று அவர்களையே எழுதச் சொன்னேன். நான்காவது படியில் தேன்மொழி தன் பெயரை எழுதினாள். மாடியைக் கழுவ இனி ஆள் வைத்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார். நான் நம்பவில்லை, ஏணியைப் பூட்டி வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

திருச்சியில் என் வீட்டு மாடியிலும் பலகைகள் இருக்கின்றன. தூசி படிந்தால் ஆள் வரும்வரை நான் பேசாமல் இருப்பேன். எனக்கு யாரோடும் போட்டி இல்லையே.

பத்து நாள் கழித்துக் காலையில் போனைத் திறந்தேன். லாரி ரோட்டுப் பள்ளியின் கோடு குன்னத்துக்குக் கீழே, பழையபடி தாழ்ந்து கிடந்தது. மாடியில் யாரும் ஏறவில்லை என்று அர்த்தம். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.