அடுப்பைத் தொட்டு எழுதிய பட்டியல்

மண் சரியும் இடங்களில் இருக்கும் தேயிலைத் தோட்ட லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டு, அங்கே குடியிருப்பவர்களை டவுனில் கட்டிய அடுக்குமாடிக்கு மாற்றுவதாக அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. நான் அப்போது நகராட்சியில் தற்காலிக ஊழியன். கோயமுத்தூர்க்காரன். குன்னூர்க் குளிரும் எனக்குப் பிடிக்காது, சிறுத்தை நடமாடும் சரிவை நகரம் என்று சொல்பவர்களையும் பிடிக்காது. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எது காலி என்று எழுதி வருவது என் வேலை. காலி என்று எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு மாடி வீடு கிடையாது.

"ஆளக் காணமுன்னு காலின்னு எழுதிப்போடாதீங்க. பகல்ல எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிருவாங்க, ஊட்டையும் பூட்ட மாட்டாங்க. உள்ள போயி அடுப்பத் தொட்டுப் பாருங்க. சூடு இருந்தா ஆள் இருக்குதுன்னு எழுதிக்குங்க" என்றார் மேலதிகாரி.

அந்த லயத்தில் பன்னிரண்டு வீடுகள்; காம்பரா என்பார்கள். எல்லாம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். காலை பத்து மணிக்கே பத்தடி தூரம் தெரியாத மூடுபனி. தகரக் கூரைகளில் புகை கசிந்துகொண்டிருந்தது. முதல் வீட்டுக் கதவைத் தள்ளினேன். அடுப்பு எரிந்தது, கேத்தலில் தண்ணீர் கொதித்தது, ஆள் இல்லை. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை, கொடியில் ஒரு துணிகூட இல்லை. இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவதில் "யாருங்க உள்ளே?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தேன், அடுப்பு மட்டும் எரிந்தது. ஐந்தாவதில் தீக்குச்சி வாசம் இன்னும் போகவில்லை. எனக்கு ஒரு வீடு முன்னால் யாரோ போய்க்கொண்டே இருப்பது புரிந்தது. அப்படியே திரும்பி ஓடியிருப்பேன், பட்டியல் கையில் இல்லாவிட்டால்.

ஆறாவது வீட்டில், புகைக்குள் குந்தியபடி ஓர் அம்மா ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். பட்டியலில் அந்த வீட்டுக்கு இருந்த பெயரைச் சொல்லி, "நீங்கதானுங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

"மத்தவங்கெல்லாம்?"

"கொழுந்துக்குப் போயிருக்காங்க சார். மிச்ச காம்பராவையும் பாத்துருங்க. மெதுவா வாங்க."

நான் எழுதி முடித்துத் தலை நிமிர்வதற்குள் பனியில் மறைந்துவிட்டார். பதினொன்றாவது வரை எல்லா அடுப்புகளும் சூடாக இருந்தன. பன்னிரண்டாவதில் மட்டும் சாம்பல் ஜில்லென்று கிடந்தது. அந்த வாசலில் ஒரு ஜோடி செருப்பும் கொடியில் ஈரச் சேலையும் இருந்தன. பார்த்தேன். ஆனால் விதி அடுப்பைத்தான் கேட்டது. 'காலி' என்று எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தால்தானே சந்தேகம் வரும், ஒன்றாவது காலியாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சாவி கொடுக்கும் நாளில் பதினோரு குடும்பங்களும் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கின. பனியன் கம்பெனி வேலைக்குப் போய் வருஷங்கள் ஆனவர்கள். எல்லோரும் சாவி வாங்கி வெளியே போன பிறகு அந்த அம்மா என் மேஜையருகே வந்தார்.

"அந்தக் கடைசி காம்பரா என்னோடதுங்க சார்."

"அங்க அடுப்பு பத்தவே இல்லீங்களே?"

"அடுப்பத் தொட்டுத்தான் எழுதுறாங்கன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து தெனமும் மூட்டுனேங்க. பதினொன்னு மூட்டி முடிக்கவே பகலாயிருமுங்க. என்னோடத அப்புறமாத்தான் மூட்டுவேன்."

பட்டியலை எடுத்துப் பிரித்தேன். "திருத்தலாமுங்க. ஆனா அன்னைக்கு ஆறாவது வீட்டுல இருந்தது நீங்கதான்னு எழுதிக் குடுக்கணும். அவங்க வீடு போயிரும். மத்ததையும் தோண்டுவாங்க."

அவர் வெளியே பார்த்தார். ஆறாவது வீட்டுப் பெண் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப விட்டுருங்க சார்."

அடுத்த மாதம் லயத்தை இடித்தார்கள். இடிக்கும் முன் குடியிருப்பவர்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். பன்னிரண்டாவது வீட்டுக்கு யாரும் தரவில்லை. அங்கே ஆள் இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது.