மேடவாக்கத்துப் பெரிய ஆர்டரும் இரும்புலியூர்ச் சின்ன ஆர்டரும்

நாவலூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை. ஒரு கம்பெனியில் நாங்கள் முதலீடு செய்வதற்கு முன், அதன் அரசு ஒப்பந்தங்கள் எவ்வளவு உறுதியானவை என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். புதிதாக வருபவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

1. மேடவாக்கம்

தாம்பரத்தில் ஜெசிந்தா மேடம் கழிவுநீர் பம்ப் கம்பெனி நடத்துகிறார். எங்கள் முதலீட்டில் புதிய பட்டறை அமையும் என்று நம்பிப் பன்னிரண்டு பேரை முன்கூட்டியே வேலைக்கு எடுத்திருந்தார். முதலீடு வராவிட்டால் அவர்களை அனுப்ப வேண்டும்.

அவர் கொடுத்த ஃபைலில் முதலாவதாக இருந்தது மேடவாக்கத்தில் புதிய பம்பிங் ஸ்டேஷன் கட்டச் சொல்லும் அரசு ஒர்க் ஆர்டர். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. டைரியில் ‘உறுதி’ என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை 8.20க்கு இடத்தைப் பார்க்கப் போனேன். ஆறு தண்ணீர் லாரிகள் நின்றன. ஒரு டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், எடம் வாங்க வந்தியா?”

“இங்க பம்பிங் ஸ்டேஷன் வருதாமே?”

“அத்த நாங்களும் ரொம்ப நாளா கேட்டுகினு கீறோம். எடத்து மேல கேசு கீது சார். கட்ட வந்தா ஒரு வார்த்த சொல்லு, வண்டிய நகத்திக்கிறோம்.”

‘உறுதி’யை அடித்தேன். இடத்தை ஒப்படைக்காத ஒப்பந்தத்தில் வேலை தொடங்கவே முடியாது.

2. இரும்புலியூர்

நேராகத் தாம்பரம் போய் விஷயத்தைச் சொன்னேன். “கையெழுத்து ஒரிஜினல் சார்,” என்றார் மேடம்.

“ஒரிஜினல்தான் மேடம். எடம்தான் லாரிக்காரங்ககிட்ட இருக்கு.”

சிரித்தார். பிறகு, “அப்ப அந்தப் பன்னெண்டு பேருக்கு நான் என்ன சொல்றது?” என்றார்.

ஃபைலைக் கடைசிவரை புரட்டினேன். அடியில் நான்கு ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள். அவற்றில் ஒன்று இரும்புலியூர் பம்ப் ஹவுஸ். ஏழு ஆண்டுகளில் ஆறு ஆண்டு இவர்களுக்கே கிடைத்திருந்தது.

“இத ஏன் அடியில வெச்சீங்க?”

“சின்ன வேலை சார். காட்டவே கூச்சமா இருந்துச்சு.”

அன்று மதியமே அங்கே போனேன். பொறுப்பில் இருந்த ஜூனியர் இன்ஜினியர் பழுது ரிஜிஸ்டரைக் கொடுத்தார். பம்ப் நின்ற நேரம், ஆள் வந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. இவர்கள் பார்த்த ஆண்டுகளில் எந்தப் பழுதுக்கும் ஆள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

“நடுவுல ஒரு வருஷம் வேற கம்பெனியா சார்?”

“ஆமா, ரேட்டைக் கம்மியா போட்டு டெண்டர் எடுத்தாங்க. பம்ப் ரிப்பேர்னு கூப்பிட்டா, வந்த ஆளு பம்ப் எங்க இருக்குன்னு என்னையே கேட்கிறான். அதுக்குள்ள சாக்கடை ரோட்டுக்கு வந்து, அஞ்சு தெருக்காரங்களும் என் டேபிள் முன்னாடி நிக்கிறாங்க. அடுத்த டெண்டர்ல, இவ்ளோ நேரத்துக்குள்ள ஆள் வரணும்னு கண்டிஷனே போட்டுட்டோம்.”

மற்ற மூன்று பம்ப் ஹவுஸ்களின் ரிஜிஸ்டர்களையும் அந்த வாரத்திலேயே பார்த்தேன். மேடவாக்கத்தை விட்டுவிட்டு, அந்த நான்கை மட்டும் வைத்து அறிக்கை எழுதினேன். கேட்டதில் பாதி முதலீடு கிடைத்தது.

“பாதிதானா சார்?” என்றார் மேடம். அந்தப் பாதியில் பட்டறை சிறியதாக அமைந்தது. பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்.

அதன் பிறகு, எந்த ஒப்பந்தத்திலும் தொகையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் இடம் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்கிறேன். அடுத்து, இந்த வேலை ஒரு நாள் நின்றால் அன்றைக்கே திண்டாடப்போவது யார் என்று விசாரித்து, அவரைத் தேடிப் போகிறேன்.