என் தங்கை எடுத்த இரண்டாவது படம்

என் தங்கை ஜினப்பிரியாவுக்குச் செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பதினோரு வருடம், நான்கு மாதம் ஆகிறது. எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றும் அவள் "போட்டோ புடிக்கிற பொண்ணு"தான். வளைகாப்புக்குக் கேமராவோடு வரச் சொன்ன அறிவாளிகளும் உண்டு.

போன பங்குனியில், கடலை பிடுங்கும் சமயம், சிங்கவரத்தில் எங்கள் பக்கத்து நிலத்து ஜோசப்பின் அக்காவுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. மீன் தொட்டியும் ஏசியும் உள்ள ஒரு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். தோள் முழுக்க வெள்ளைத் திட்டு. டாக்டர் அதற்கு அரை நிமிடம் ஒதுக்கினார். அதுவே பெரிய மனசு. "சதையெல்லாம் கால்சியம் படிஞ்சிருக்கு. புதுச்சேரியில ஆபரேசன் பண்ணிக்கோங்க" என்றார். கத்தி என்றதும் ஜோசப்பின் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான் வண்டியில் ஏற்றித் தங்கையிடம் கொண்டுபோனேன்.

அவள் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி ஆறு நிமிடம் பார்த்தாள். பிறகு ஜோசப்பினை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். பேச்சு வெளியே கேட்டது.

"எக்கா, தோள்ல இன்னா பூசின?"

"ஒண்ணும் பூசலியே பாப்பா."

"ரவிக்கைய எறக்கு. இது இன்னா, வெள்ளையா காஞ்சி கெடக்குது?"

"சுண்ணாம்பும் வெல்லமும் கொழைச்சிப் பத்து போட்டேன். அதெல்லாம் ஒரு மருந்துன்னு டாக்டராண்ட சொல்லுவாங்களா?"

"சுண்ணாம்புல இருக்கிறதும் கால்சியந்தான்க்கா. தோலு மேல இருந்தாலும் படத்துல உள்ள இருக்கிற மாதிரிதான் தெரியும்."

ஒரு வாரமாகப் போட்ட பத்து. வெந்நீர் வைத்துத் தேய்த்துக் கழுவ இருபது நிமிடம் ஆயிற்று. கையை உள்பக்கம் திருப்பி ஒன்று, வெளிப்பக்கம் திருப்பி ஒன்று எனப் படம் எடுத்தாள். திட்டெல்லாம் போயே போய்விட்டது. அரிசி அளவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மிச்சம். கை திரும்பியபோது எலும்போடு அதுவும் நகர்ந்திருந்தது. எலும்பில் ஒட்டும் தசைநாணில்தான் அது இருக்கிறது, நிஜமான படிவு என்று அங்கிருந்த டாக்டர் தனகோட்டி உறுதி செய்தார். ஆபரேசன் வேண்டாம்; மாத்திரையும் பயிற்சியும் போதும்.

"அப்ப நாளைக்குக் கடலை புடுங்கப் போலாமா?"

"மூணு வாரம் கூடாதுக்கா."

"மூணு வாரமா! கடலை மண்ணுலயே மொளைச்சிடும் பாப்பா. அந்த ஆளு ஆபரேசனோட வுட்டான். நீ என் கடலைக் கொல்லியிலயே கை வெச்சிட்டியே!"

பிறகு கழுவின தோளை முந்தானையால் மூடிக்கொண்டு, எதிர் ஓட்டலில் நான்கு இட்லி சாப்பிட்டாள். இடது கையால்.