முகர்ந்து பார்க்காமல் விட்ட கோழி

தையல்காரியிடம் துணியோடு வருபவர்களைவிடக் கோழியோடு வருபவர்கள்தான் அதிகம் என்று அவள் கணவனே கிண்டலடிப்பான். "கழுத்தளவு எடுக்க டேப்பு போதுமா, இல்ல இன்னொண்ணு வாங்கித் தரவா?" என்பான். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

எல்லாம் நூலில் ஆரம்பித்தது. மிஷினுக்கடியில் கிடந்த நூல் துண்டுகளைப் பெருக்கி வீட்டின் பின்பக்கம் கொட்டியது அவளேதான். அதை அவள் கோழி விழுங்கித் தொலைத்தது. கழுத்துக்குக் கீழே இரைப்பை கல்லாக இறுகிவிட்டது. கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டரிடம் ஓடினாள். அவர் சொன்னபடி தீனியை நிறுத்தி, சொட்டுச் சொட்டாக எண்ணெயும் தண்ணீரும் கொடுத்து, விரலால் மெல்லப் பிசைந்துவிட்டாள். மூன்றாம் நாள் கோழி எழுந்து நடந்தது. அவ்வளவுதான், கைராசிக்காரி என்று பெயர் பரவிவிட்டது.

கம்பவுண்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "காலையில தீனி போடறதுக்கு முன்னாடி தொட்டுப் பாரும்மா, இரைப்பை காலியா இருக்கணும். கல்லு மாதிரி இருந்தா பிசையலாம். தண்ணிப் பை மாதிரி தளதளன்னு இருந்து, வாயில புளிச்ச வாடை அடிச்சா கை வைக்காதே, இங்க கொண்டு வா. தலைகீழா மட்டும் பிடிச்சிடாதே. தண்ணி மூச்சுக்குழாயில போயிடும்." வருகிறவர்களுக்கெல்லாம் இதை அவள் பாடமாக ஒப்பிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் அன்றைக்குக் கோட்டைவிட்டாள்.

அவள் நாத்தனார் அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை, புருஷன் போய் இரண்டு வருஷம், பேச்சுத்துணைக்கு இருந்தது சிவப்பி என்ற ஒரே கோழி. அதைக் காகிதப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு நாளா சாப்பிடல அண்ணி. இன்னிக்குத்தான் கழுத்து உப்பியிருக்கறத பார்த்தேன்."

மிஷின்மேல் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. வாசலில் இரண்டு பேர் துணிக்காகக் காத்துக்கொண்டு, வைத்தியத்தையும் வேடிக்கை பார்த்தார்கள். தையல்காரிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் நூல்தானே! இதுவும் அடைப்புதான் என்று முடிவுகட்டி, எண்ணெய் விட்டுப் பிசைந்தாள். விரலுக்கடியில் தளதளவென்றிருந்தது. அலகை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முகர்ந்திருக்கலாம். பாழாய்ப்போன அவசரம். உள்ளே இருப்பது வெளியே வரட்டும் என்று கோழியைத் தலைகீழாகப் பிடித்தாள்.

புளித்த நீர் கொட்டியது. சிவப்பி இரண்டு தடவை இறக்கையை அடித்துவிட்டு அவள் கையிலேயே அடங்கிப்போனது.

அந்த நொடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரும் பார்த்தாள். தையல்காரியின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நேத்தே கொண்டு வந்திருக்கக்கூடாதா? இவ்வளவு லேட்டா கொண்டு வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

நாத்தனார் தலையை ஆட்டினாள். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடியது. நாத்தனார் போகிற இடமெல்லாம் ஒரே புத்திமதிதான். "கோழிக்கு முடியலன்னா உடனே எங்க அண்ணிகிட்ட கொண்டு போயிடுங்க. நான்தான் ஒரு நாள் அசட்டையா இருந்து கொன்னுட்டேன்." அதைக் கேட்கும்போதெல்லாம் தையல்காரி பேச்சை மாற்றிவிடுவாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள். கௌரவம் தடுத்தது. கோழிகளைப் பார்ப்பதை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்தி, வருகிறவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தாள்.

போன மாதம் தன் கோழி பொரித்த குஞ்சுகளில் இரண்டைக் கூடையில் எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"வேண்டாம் அண்ணி. என் கையில எதுவும் தங்காது," என்றாள் நாத்தனார். கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குமேல் தையல்காரியால் தாங்க முடியவில்லை. "நீ கொல்லல. நான்தான். முகர்ந்து பார்க்காம தலைகீழா பிடிச்சேன். நீ லேட்டா வரவே இல்ல," என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள்.

நாத்தனார் திட்டவில்லை. ஜன்னல் வழியே பின்பக்கத்தைப் பார்த்தாள். சிவப்பியின் பழைய கூண்டில் விறகு அடுக்கியிருந்தது.

"அப்போ இத்தனை வருஷமும் நான் கோழி வளர்த்திருக்கலாம் இல்ல, அண்ணி?" என்றாள்.