கோழிச் சத்தம்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகர மீன் சந்தையில் பால்மீனுக்கு முள் எடுத்துத் தருவதில் நெனிதாவை மிஞ்ச ஆள் கிடையாது. கைக்குச் சமமாக வாயும் ஓடும். ஆனால் அந்த வாரம் அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

திருவிழா அழகிப் போட்டியில் அவள் மகள் ரோவெலின் கலந்துகொண்டாள். கேள்விச் சுற்றில் எல்லாப் பெண்களையும் போல அவளும் ஆங்கிலத்தில்தான் பதிலை ஆரம்பித்தாள். கிரீடம் வேண்டுமென்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்பது ஊரின் நினைப்பு. பாதியில் வார்த்தை வராமல் விழித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டில் பேசுகிற மொழியிலேயே, சந்தையில் நாளெல்லாம் நிற்கிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை, ஜெயித்தால் முதலில் அதைத்தான் கேட்பேன் என்றாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. கிரீடம் வேறொருத்திக்குப் போனது. போனால் போகட்டும் என்று, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன நெனிதா மகளைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

உள்ளூர் டிவிக்காரர்களுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. ரோவெலின் விழித்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, கோழி கொக்கரிக்கிற சத்தத்தைச் சேர்த்து, காலையும் மாலையும் போட்டார்கள். சந்தைக் காபிக் கடையில் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொடுமை என்னவென்றால், நேரில் பார்த்த நெனிதாவுக்கே கைதட்டல் மறந்துபோனது. கண்ணை மூடினால் கோழிதான் கொக்கரித்தது. பெற்ற மகளை நினைத்துக் கூசிப்போனாள்.

வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கைக்காரி மெல்ல ஆரம்பித்தாள்.

“டிவியில வர்ற அந்தக் கோழிப் பொண்ணு உன் மக ஜாடையா இருக்கே நெனிதா?”

“என் மகளா? அவ ஏன் அங்கல்லாம் போறா? அது யாரோ. வராத இங்கிலீஷப் பேசி ஊரு மானத்தையே வாங்கிட்டா.”

சொன்னதோடு விடாமல் சிரிக்கவும் செய்தாள். வாடிக்கைக்காரியின் கண் தனக்குப் பின்னால் போவதைக் கண்டு திரும்பினாள். ஐஸ் மூட்டையோடு ரோவெலின் நின்றிருந்தாள்.

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள்.

“அது நான் இல்லக்கா. அம்மாதான் சொல்றாங்களே.”

இவள் என் மகள், அது இவள்தான் என்று சொல்ல நெனிதாவுக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் குனிந்து அடுத்த மீனை எடுத்தாள்.

“அதானே பாத்தேன்,” என்றாள் வாடிக்கைக்காரி, ரோவெலினை ஏற இறங்கப் பார்த்து. “இவ அவள விட எவ்வளவோ அழகு.”

“ஆமா,” என்றாள் நெனிதா.