பாகூர்க் கல்லில் பாடிய ரொட்டி

இந்தக் குறிப்பில் வரிசையாக:
1. ஏன் போனேன்.
2. இந்தச் சோதனைக்குப் பரோட்டாக் கல்தான் வேண்டும். வீட்டு நான்ஸ்டிக் தவா ஆகாது.
3. வழி, நேரம், செலவு.
4. ரொட்டி பாடியதா.

வட இங்கிலாந்தில் கல்லில் சுடும் ஒரு ரொட்டிக்கு சிங்கிங் ஹின்னி என்று பெயர். ஹின்னி அந்த ஊர்ச் செல்லப் பேச்சு, தேன் என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் 'கண்ணு' என்பதைப்போல. சிங்கிங் என்றால் பாடுகிற. மாவிலுள்ள கொழுப்பு உருகிக் கல்லில் எழுப்பும் ஓசையைத்தான் பாட்டு என்கிறார்கள். ஞாயிறன்று வில்லியனூர் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். சென்ற முறை பேசியதில் பாதியைத் திரும்பப் பெற்றவன் நான். இம்முறை காதால் கேட்காமல் எழுந்து நிற்பதில்லை என்றிருந்தேன். வீட்டில் சுட்டபோது ரொட்டி வாயே திறக்கவில்லை.

செவ்வாய் மதியம் ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூருக்கு ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். 1.40க்குக் கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் பஸ். ஐம்பது நிமிடம், இருபது ரூபாய். டப்பாவில் மூன்று ரொட்டிக்கு மாவு. வெயில் பட்டு வெண்ணெய் உருகிவிடுமோ என்று இருமுறை இடம் மாறினேன். நடத்துநர் என்னைக் கவனிக்கத் தொடங்கினார்.

பரோட்டாக் கடை பாய் அப்போதுதான் கல்லைச் சூடேற்றியிருந்தார். இங்கிலாந்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், இதில் வெண்ணெய்தான் என்று மூன்று முறை சொன்னேன்.

"நீங்க சொல்லச் சொல்லத்தான் சார் சந்தேகமே வருது" என்றார்.

முதல் ரொட்டியைப் போட்டதும் அவர் கை தானாகச் சுற்றிலும் எண்ணெய் விட்டது. பெரிய சத்தம். "பாடுதா சார்?" என்றார். பாடியது எண்ணெய். சொல்லத் தைரியமில்லாமல் தலையாட்டினேன். இரண்டாவதற்கும் அதே கதி. மிச்சம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

"பாய், எண்ணெய் வேணாம்."

"ஒட்டிக்கும் சார்."

"ஒட்டட்டும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாய் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்து, ஃபேனையும் நிறுத்தினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய சீறல். விசிலுக்கு முன் குக்கர் முனகுவதுபோல் ஏறிக்கொண்டே போனது.

பாய் குனிந்து காது கொடுத்தார். "அட, தானா பேசுது பா. சால்னா ஊத்திக்கலாமா?"

ஊற்றிச் சாப்பிட்டோம். நல்ல பொருத்தம்.

போக நினைப்பவர்கள் மூன்று மணிக்கு முன்பே போய்விடுங்கள். நாலுக்கு மேல் கல்லில் இடமிருக்காது. எண்ணெய் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

மறுநாள் காலை என் மனைவி அதேபோல் மாவு பிசைந்து நான்ஸ்டிக் தவாவில் போட்டு அடுப்பை முழுதாக எரியவிட்டாள். ரொட்டி நன்றாகவே பாடியது. தவாவின் பூச்சு போய்விடுமோ என்று பயந்து நான் சிறு தீயில் சுட்டிருக்கிறேன்.

"இதுக்கா பாகூர் போனீங்க?"

ஆகவே மேலே இரண்டாவதாகச் சொன்னது தவறு. ஞாயிறன்று அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.